நைனை கண்ணகியின் குரல்

கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக உருவிக் காலி டிபன் பாக்ஸுக்குள் போட்டு மூடுகிறார் கண்ணகி. மின்விசிறியை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டுகிறார். ஒலிப்பதிவு அறையின் சொந்தக்காரர் அய்யனார் எழுந்து போய் நிறுத்துகிறார். கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் போகிற ரோட்டில், ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருக்கிறது அந்த அறை. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கிறது. ஆனி மாதப் புழுக்கத்தில் அட்டையெல்லாம் வியர்ப்பது போலிருக்கும். "வளையலும் நானும் ஒண்ணா பேசனா எத கேப்பாங்க சனங்க?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மைக்கைப் பார்க்காமல் அதற்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்த்து ஆரம்பிக்கிறார். ஒரு ஜவுளிக் கடையின் ஆடித் தள்ளுபடி. அவர் கையில் காகிதம் எதுவும் இல்லை.

கள்ளக்குறிச்சியில் அந்தக் குரலைக் கேட்காதவர்கள் குறைவு. தலையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய ஆட்டோ ஒன்று தியாகதுருகத்துக்கும் சின்னசேலத்துக்கும் இடையில் நாள் முழுக்கச் சுற்றுகிறது. நகைக்கடைத் திறப்பு, பள்ளிக்கூடச் சேர்க்கை, கண் சிகிச்சை முகாம், இன்றைக்குக் குடிநீர் வராது என்கிற அறிவிப்பு, செத்தவர் பெயர், எடுக்கிற நேரம், எல்லாவற்றுக்கும் அதே குரல்தான். குரல் தெரியும், ஆள் தெரியாது. காய்கறிக் கடையில் நின்று கத்தரிக்காய் விலை கேட்டால் தராசைப் பிடித்திருக்கிறவர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். "ஏம்மா, அந்த ஆட்டோ நீங்கதானா?" என்று கேட்பார். "ஆட்டோ எங்க வூட்டுக்காரரு. அதுக்குள்ளாற கத்தறவ நானு" என்பார் கண்ணகி.

வீட்டுக்காரர் பெயர் கொளஞ்சியப்பன். ஆட்டோ ஓட்டுகிறவர் அவர்தான். மனைவியின் குரலைத் தலைக்கு மேல் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால் மறுபடி அதே குரல். "ரோட்லயும் இவ, வூட்லயும் இவ. தூங்கறப்பதான் எனக்கு லீவு" என்று வருகிறவர்களிடம் சொல்லுவார். குறையாகச் சொல்வதில்லை.

வீட்டில் கண்ணகி எதையும் இரண்டு முறை சொல்லுவார். "சோறு ஆயிடுச்சி" என்று ஒரு தடவை. கொஞ்சம் இடைவெளி. அப்புறம் குரலை ஒரு படி இறக்கி, "சோறு... ஆயிடுச்சி." இரண்டாவதைக் கேட்டபிறகுதான் கொளஞ்சியப்பன் எழுந்து வருவார். புதிதாக வருகிறவர்கள் இவருக்கு மறதியோ என்று நினைப்பார்கள். மறதி இல்லை, கவியரங்கப் பழக்கம். மேடையில் கவிஞர் முதல் வரியை ஒருமுறை சொல்லுவார். கூட்டம் காதைத் தீட்டிக்கொள்ளும். அதே வரியை வேறு ஏற்றத்தில் இன்னொரு முறை சொல்லுவார். அப்போதுதான் அது கூட்டத்துக்குள் இறங்கும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் பிடித்த பழக்கம், சோற்றுப் பானைக்கு முன்னாலும் விடவில்லை.

அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் கண்ணகியின் முகம் முதலில் கொஞ்சம் வெட்கப்படும். நைனார்பாளையத்துக் காலனியில் பிறந்தவர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா பச்சையம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் படிக்க வைத்தார். பிளஸ் டூ முடித்து, டைப் அடிக்கக் கற்றுக்கொள்ளச் சின்னசேலத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அங்கே ஒரு பொங்கல் விழா. கவியரங்கத்துக்கு வரவேண்டிய கவிஞர் ஒருவர் வரவில்லை. கூட்டத்தில் யாராவது சொல்வதாக இருந்தால் மேடைக்கு வரலாம் என்று அறிவித்தார்கள். ஒரு வேகத்தில் எழுந்து போய்விட்டார். என்ன சொன்னார் என்பது அவருக்கே நினைவில்லை. இறங்கும்போது யாரோ ஒரு சோடா பாட்டிலைக் கையில் கொடுத்ததும், அதைக் குடிக்கத் தெரியாமல் ரவிக்கையை நனைத்துக்கொண்டதும் நினைவிருக்கிறது.

அடுத்த மாதமே ஒரு சுவரொட்டியில் அவர் பெயர் வந்தது. அந்தக் காலத்தில் கவிஞர் என்றால் பெயருக்கு முன்னால் ஊர் வேண்டும். விழாக்காரர்கள் அவர்களாகவே நைனார்பாளையத்தைச் சுருக்கி "நைனை கண்ணகி" என்று போட்டுவிட்டார்கள். சின்னசேலம் பஸ் நிலையத்துச் சுவரில், ஒரு சினிமாப் போஸ்டருக்கும் மூலம் பவுத்திர விளம்பரத்துக்கும் நடுவில், ஊதா எழுத்தில் ஒட்டியிருந்தது. பசை காயாமல் இருந்ததாம். விரலால் தொட்டுப் பார்த்தாராம்.

அது கவியரங்கங்களின் காலம். கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, பொங்கல், நூலக வாரம், புதிதாகக் கட்டிய பஸ் நிறுத்தத்தின் திறப்பு, எதுவானாலும் ஒரு கவியரங்கம் இருக்கும். நான்கு சவுக்குக் கம்பம், அதில் கட்டிய டியூப் லைட், லைட்டைச் சுற்றி ஈசல். மேசை மேல் போர்த்திய ஜமுக்காளம். தலைமைக் கவிஞர் ஒவ்வொருவரையும் நாலு வரி சொல்லி அழைப்பார். ஒரு நல்ல வரி விழுந்தால் கூட்டத்தின் நடுவிலிருந்து "மறுபடியும்!" என்று ஒரு குரல் வரும். படித்தவர்கள் உட்கார்ந்திருக்கிற முன்வரிசையிலிருந்து "ஒன்ஸ் மோர்" வரும். கண்ணகிக்கு நடுவிலிருந்து வருவதுதான் பிடிக்கும். "முன்னாடி இருக்கறவங்க மரியாதிக்கிக் கேப்பாங்க. பின்னாடி நிக்கறவன் புடிச்சாதான் கேப்பான்" என்பார்.

எங்கே போனாலும் பச்சையம்மாள் கூடப் போவார். வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாது. மேடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மகள் பேச ஆரம்பித்ததும் தூங்கிவிடுவார். பகல் முழுக்க வயலில் குனிந்திருந்த உடம்பு. கைதட்டல் கேட்டதும் விழித்து, மற்றவர்களோடு சேர்ந்து தட்டிவிட்டு மறுபடி தூங்குவார். மகள் சொன்ன கவிதைகளில் ஒன்றைக்கூட முழுசாகக் கேட்டதில்லை.

அதே சுவரொட்டிகளில் இன்னொரு நைனை இருந்தது. நைனை இளஞ்செழியன். அதே ஊர்தான், ஆனால் ஊருக்குள் இருக்கிற தெரு. நிலம் நீச்சு உள்ள குடும்பம், கரும்பும் நெல்லும். பி.ஏ. படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தார். உயரமான ஆள். குரல் அடிவயிற்றிலிருந்து வரும், மைக் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குப் போகும். இரண்டு பெயரையும் ஒரே சுவரொட்டியில் பார்த்த வெளியூர்க்காரர்கள் அண்ணன் தங்கையோ, புருஷன் பெண்டாட்டியோ என்று விசாரித்திருக்கிறார்கள். இளஞ்செழியன் வீட்டில் இது பெரிய சங்கடமானது. அவர் பெரியப்பா கூப்பிட்டுக் கண்டித்தார். அதன்பிறகு ஒருநாள், சின்னசேலம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, இளஞ்செழியன் தயங்கித் தயங்கி, பெயருக்கு முன்னால் வேறு ஏதாவது போட்டுக்கொள்ள முடியுமா என்று கண்ணகியைக் கேட்டிருக்கிறார்.

"போட்டுக்கலாம். நான் வேற எந்த ஊர்ல பொறந்தேன்னு போட்டுக்கட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார் கண்ணகி.

இளஞ்செழியன் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார். வீட்டில் போய் என்ன சொன்னாரோ, அதற்கப்புறமும் இரண்டு நைனைகள் ஒரே சுவரொட்டியில் வந்துகொண்டிருந்தார்கள்.

அவர்கள் ஒருவரை ஒருவர் எப்படி அழைத்துக்கொள்வது என்பதும் ஒரு சிக்கல். ஊர்த் தெருவில் எதிரில் வந்தால் கண்ணகி ஒதுங்கி நின்று, அந்த வீட்டுப் பிள்ளையைச் "சின்னய்யா" என்று சொல்ல வேண்டும். அவர் "ஏ புள்ள" என்று கூப்பிடலாம். மேடையில் அது நடக்குமா? மேடை வழக்கம் அதற்கு ஒரு வழி வைத்திருந்தது. "கவிஞரே" என்று அவர் சொன்னார், "கவிஞரே" என்று இவரும் சொன்னார். மேடையில் பழகிய அந்தச் சொல் பஸ் நிறுத்தத்துக்கும் வந்தது. ஊர் எல்லைக்குள் மட்டும் இருவரும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளவில்லை.

கச்சிராயபாளையத்தில் ஒரு வருஷம் "எதிரெதிர்க் கவியரங்கம்" என்று ஒன்று வைத்தார்கள். மேடையின் இரண்டு பக்கமும் இரண்டு மைக். கூட்டத்திலிருந்து யாராவது ஒரு தலைப்பைச் சொல்லுவார்கள். ஒருவர் முடித்ததும் அடுத்தவர், அவருடைய கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு உடனே ஆரம்பிக்க வேண்டும். யோசிக்க நேரம் கிடையாது. யாருக்குக் கைதட்டல் அதிகமோ அவருக்குத்தான் சால்வை. அன்றைக்குச் சந்தை நாள். கல்வராயன் மலையிலிருந்து புளியும் தேனும் கடுக்காயும் கொண்டு இறங்கியிருந்த சனங்கள், மலைக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டுக் கூடைகளோடு நின்று கேட்டார்கள். யாரோ கரும்பு என்றார்கள். இளஞ்செழியன் ஆரம்பித்தார்:

"வெட்டினாலும் தழைக்கிறாய், உனக்கு மறுதாம்பு உண்டு.
உன்னை நட்டவனுக்கு
ஒரே ஒரு முதுகுதான் கரும்பே, கரும்பே!"

கூட்டம் எழுந்துவிட்டது. பக்கத்தில் சர்க்கரை ஆலை. கரும்பு ஏற்றிவந்து வரிசையில் காத்துக்கிடக்கிற வண்டிக்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள். சத்தம் அடங்கும்வரை கண்ணகி காத்திருந்தார்.

"கரும்பு சுமந்த என் தங்கச்சி தலையில்
எறும்பு மொய்க்கிறது.
எங்கள் வீட்டு டீயில்
சர்க்கரை இல்லை."

தட்டியவர்களில் முதல் ஆள் இளஞ்செழியன்தான் என்று கண்ணகி சொல்லுகிறார். கண்ணகிக்குத் தங்கச்சியே கிடையாது என்று இளஞ்செழியனுக்குத் தெரியும். இறங்கி வரும்போது, "உனக்கு எப்போ தங்கச்சி பொறந்துது கவிஞரே?" என்று கேட்டிருக்கிறார். "இப்பதான், மேடையில" என்றாராம் இவர். அந்தச் சால்வை நைந்து போகும்வரை பச்சையம்மாள் மார்கழியில் போர்த்திக்கொண்டிருந்தார்.

காதலா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கொளஞ்சியப்பனே கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்கு எதிர்ல நின்னு பேசறதுக்கு ஒரு ஆளு இருந்தாரு. அதுவே எல்லாருக்கும் கெடைக்காது" என்று சொன்னதும், கொளஞ்சியப்பன் அதற்குமேல் கேட்கவில்லை.

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசி பிறந்த வாரம் இடஒதுக்கீட்டுப் போராட்டம். மாவட்டம் முழுக்க மரத்தை வெட்டிப் போட்டுச் சாலை மறியல் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். கேட்டவர்கள் ஏழைப்பட்ட உழவர்கள். தலைமுறை தலைமுறையாக மண்ணைக் கிளறியும் பிள்ளைகளுக்குக் கல்லூரியிலும் வேலையிலும் இடமில்லை என்பது அவர்கள் குறை. ஊரில் அந்தப் பேச்சுதான். இளஞ்செழியனும் அதில் இருந்தார். அதே நாள் திருக்கோவிலூரில் ஒரு கவியரங்கம். விழாவை நிறுத்தவில்லை என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இளஞ்செழியன் வரவில்லை என்று சொல்லிவிட்டார். கண்ணகிக்கு மனசு கேட்கவில்லை. தென்பெண்ணையைப் பற்றி ஒரு கவிதை தலைக்குள் முழுசாக இருந்தது. விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் மரம் விழுமுன்னே தாண்டிவிடலாம் என்று நினைத்தார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஏறிவிட்டார்.

ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள்ளாகவே மரம் விழுந்திருந்தது. ரோட்டோரத்துப் பெரிய புளியமரம். இலையெல்லாம் இன்னும் பச்சையாக, பிஞ்சுப் புளியோடு ரோட்டை அடைத்துக் கிடந்தது. டிரைவர் இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரோ டயரில் காற்றைப் பிடுங்கினார்கள். கூட்டமெல்லாம் உள்ளூர்தான். கண்டித்த அந்தப் பெரியப்பா இருந்தார். கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு இளஞ்செழியனும் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் கோடாலியைக் கீழே வைத்தார்.

எறங்காதே என்று பச்சையம்மாள் மகளின் கையைப் பிடித்தார். ஆனால் எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். கவியரங்கம் என்றதும் சிரிப்பு. அங்கே போய் எதற்கு, இங்கேயே நடத்தலாமே என்றது ஒரு குரல். முதலில் இளஞ்செழியனைச் சொல்லச் சொன்னார்கள். அவர் மரத்தின் மேல் நின்று சொன்னார்:

"ஏரைப் பிடித்த கை ஏட்டைக் கேட்கிறது.
களத்துமேட்டில் நெல் அளந்தது போதும்.
கல்லூரி வாசலில் எங்களுக்கும் வேண்டும்
ஓர் இடம்!"

விசில் பறந்தது. மூன்று தடவை சொல்ல வைத்தார்கள். பிறகு பெரியப்பாதான், பாதி கிண்டலாக, "நைனை நைனைன்னு ரெண்டு பேரும் போட்டுக்கினு திரியறீங்களே, அவளும் சொல்லட்டும்" என்றார்.

கண்ணகி செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தில் ஏறினார். மேடை ஏறும்போது அப்படித்தான் பழக்கம். பட்டை காலைக் குத்தியது. கீழே அம்மா இவர் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தென்பெண்ணைக் கவிதை தலையிலிருந்து போய்விட்டது. காதில் இருந்தது இளஞ்செழியனின் கடைசிச் சொல் ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டார்.

"இடம்
கேட்பது குற்றமில்லை.
வெயிலில் காய்ந்த முதுகு
நிழலில் ஒரு நாற்காலி
கேட்பது குற்றமில்லை."

மறுபடியும் மறுபடியும் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்டார்கள். மறுபடியும் சொன்னார். கிழவர் ஒருவர் துண்டை எடுத்துச் சுழற்றினார். அங்கே இறங்கியிருக்கலாம். கைதட்டலோடு இறங்கி வீட்டுக்குப் போயிருக்கலாம். அடுத்த வரி எங்கிருந்து வந்ததென்று தெரியாது என்கிறார். கீழே குனிந்தபோது அம்மாவின் முகம் தெரிந்தது, அவ்வளவுதான்.

"கல்லூரியில் இடம் கேட்கும் அண்ணன்மாரே,
நம்மூர் டீக்கடை பெஞ்சில்
ஒரு முனை எப்போதும் காலி.
என் அம்மா
நின்றுகொண்டேதான் டீ குடிக்கிறாள்."

துண்டைச் சுழற்றியவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். புளிய இலை காற்றில் சலசலத்தது தெளிவாகக் கேட்டதாம். பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது, அடிவயிற்றிலிருந்து வருகிற குரல்.

"மறுபடியும் சொல்லுங்க, கவிஞரே."

ஊர் எல்லைக்குள் அந்தச் சொல்லை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் மரியாதை போட்டு, பெரியப்பா முன்னால், தெரு முழுக்க நிற்கிறபோது.

கண்ணகி மறுபடியும் சொன்னார். "மொத தடவ வாயே சொல்லிடும். ரெண்டாவது தடவதான் நாம சொல்லணும்" என்கிறார். சொல்லி முடித்து இறங்கும்போது பின்னால் ஒரு சத்தம். பெரியப்பா இளஞ்செழியனைக் கன்னத்தில் அறைந்திருந்தார். அவர் கன்னத்தைத் தடவக்கூட இல்லை. மரத்தின் மேலேயே நின்றார். யாரும் கண்ணகியைத் தொடவில்லை. கூட்டம் பிரிந்து வழி விட்டது. அது மரியாதையா, கோபமா என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது.

வரப்பு வழியாக வீட்டுக்கு நடந்தார்கள். பச்சையம்மாள் வழி நெடுகத் திட்டினார். மகளின் கவிதை ஒன்றை அவர் தூங்காமல் முழுசாகக் கேட்டது அதுதான் முதல் முறை. "நான் நின்னுக்கினு குடிச்சா உனக்கு இன்னா, படுத்துக்கினு குடிச்சா உனக்கு இன்னா? என்ன எதுக்குடி அதுல இழுத்தே?" என்று கேட்டார். அழுதார். ஆனால் மறுநாளிலிருந்து அந்தக் கடைக்கு அவர் போகவில்லை. வீட்டிலேயே வெல்லக் காப்பி போட்டு, வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து குடித்தார். சாகும்வரை அப்படித்தான்.

அன்று மாலையே போலீஸ் வந்து மறியல்காரர்களைப் பிடித்துக்கொண்டு போனது. இளஞ்செழியனும் போனார், சில வாரம் சிறையில் இருந்தார். காலனியில் இரண்டு மூன்று நாள் கூரை மேல் கல் விழுந்தது. அம்மாவும் மகளும் திருநாவலூரில் இருந்த சித்தி வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஊர் அடங்கிய பிறகும் மன்றங்கள் கண்ணகியைக் கூப்பிட யோசித்தன. ஒரு விழாவில் கவிதையை முன்கூட்டியே காட்டும்படி கேட்டார்கள். எழுதி வைக்கிற பழக்கம் இல்லை என்றார். பரவாயில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னார்கள். சுவரொட்டியில் நைனை என்ற சொல் மெல்ல இல்லாமல் போனது.

திருநாவலூர்க் கோயில் திருவிழாவில்தான் மறுபடி மைக் கைக்கு வந்தது. ஒரு பெண் குழந்தை கூட்டத்தில் தொலைந்துவிட்டது. மைக்கில் இருந்தவர் 'மூன்று வயது, சிவப்புக் கவுன்' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தாய்க்காரி மேடைக்குக் கீழே அலறிக்கொண்டிருந்தாள். கண்ணகி அவளிடம் குனிந்து நாலு கேள்வி கேட்டுவிட்டு மைக்கை வாங்கினார். வலது காலில் மட்டும் கொலுசு, கையில் பாதி தின்ற பொரி உருண்டை, பெயரைக் கேட்டால் அப்பா பெயரைச் சொல்லும், யார் தூக்கினாலும் அழாது, சிரிக்கும், அதனால் அழுகிற குழந்தையைத் தேடாதீர்கள், சிரிக்கிற குழந்தையைப் பாருங்கள் என்றார். தேர்ச் சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து யாரோ குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூட்டத்தில் நின்ற ஓர் உளுந்தூர்ப்பேட்டைப் பாத்திரக்கடைக்காரர் மறுநாள் சித்தி வீட்டைத் தேடி வந்தார். தொழில் அப்படித் தொடங்கியது. அந்தக் கடையின் விளம்பரக் காரை ஓட்டிக்கொண்டு வந்தவர்தான் கொளஞ்சியப்பன்.

கேட்ட இடஒதுக்கீடு எண்பத்தொன்பதில் வந்தது. இளஞ்செழியனின் தங்கைக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தது. இப்போது தலைமையாசிரியை. இளஞ்செழியனுக்கு மட்டும் வேலை எதுவும் அமையவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். அந்த ஒதுக்கீட்டைப் பற்றிக் கண்ணகியைக் கேட்டால், "வந்தது நல்லதுதானே. கேக்கறது குத்தமில்லன்னு மரத்து மேல ஏறி நான்தானே சொன்னேன்" என்பார். இளஞ்செழியன் அதற்குப் பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை. வீட்டில் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள் என்றும் சொல்லுவார்கள், கல்யாணம், கரும்பு, பிள்ளைகள் என்று விட்டுப்போனது என்றும் சொல்லுவார்கள். எங்காவது கல்யாண வீட்டில் பார்த்தால் இருவரும் தலையாட்டிக்கொள்வார்கள். நடுவில் ஆட்கள் இருப்பார்கள்.

போன மாதம் ஒரு மத்தியானம் அய்யனாரின் மாடிப்படியில் யாரோ மெதுவாக ஏறி வருகிற சத்தம். தலை முழுக்க வெள்ளை, கொஞ்சம் கூன். அய்யனாருக்கு ஆளைத் தெரியவில்லை. கண்ணகி எழுந்து நின்றார். பையன் சின்னசேலத்தில் உரக்கடை வைக்கிறான், வெள்ளிக்கிழமை திறப்பு, ஆட்டோவில் சொல்ல வேண்டும் என்றார் இளஞ்செழியன். என்னென்ன உரம், எந்த விதை, கடைக்கு என்ன பெயர் என்று கண்ணகி கேட்டுக்கொண்டார். வளையலைக் கழற்றி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். விசிறி நின்றது. ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். விலாசம் மட்டும் பாக்கி. அங்கே வந்ததும் மைக்கை விட்டு விலகி நின்றார்.

"வெலாசத்த நீங்களே சொல்லுங்க."

இளஞ்செழியன் சிரித்தார். "கொரலெல்லாம் எப்பவோ போயிடுச்சிங்க. இப்ப மாட்ட வெரட்டறதுக்குத்தான் ஆவும்" என்றார்.

கண்ணகி வற்புறுத்தவில்லை. விலகிய இடத்திலேயே நின்றார். அய்யனார் ஒருமுறை அவரையும் ஒருமுறை இவரையும் பார்த்துவிட்டு, மைக் கம்பியை உயர்த்தித் திருகினார். இளஞ்செழியன் கூனையும் மீறி உயரமான ஆள். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். கதவு எண்ணைச் சொல்லும்போது குரல் தேய்ந்துதான் வந்தது. தெருப் பெயரில் கரகரத்தது. சின்னசேலம் என்ற இடத்தில் திடீரென்று அடைப்பு எடுத்தது போல அடிவயிற்றிலிருந்து ஏறி வந்து அறையை நிறைத்தது. பெட்டியின் மேலிருந்த சிவப்பு முள் கடைசிவரை போய்த் திரும்பியதைப் பார்த்து அய்யனார் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"இது போதுங்களா? சரியா இருந்துதா?" என்று கேட்டார் இளஞ்செழியன், சுவரைப் பார்த்தபடி.

போட்டுக் காட்டு என்று கண்ணகி அய்யனாருக்குக் கையைக் காட்டினார். தன் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி, அதன் இரண்டு பக்கத்தையும் முந்தானையால் துடைத்து, குதிகாலை உயர்த்தி எட்டி, இரண்டு கையாலும் அவர் தலையில் மாட்டிவிட்டார்.